ஃபைப்ராய்டுக்கு லேப்ராஸ்கோப்பி போதுமா, வயிற்றைத் திறக்க வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இது. வயது 36. ஒரு குழந்தை இருக்கிறது, இன்னொன்று வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. மாதவிடாயில் ரத்தப்போக்கு மிக அதிகம், ஹீமோகுளோபின் 8.4. ஸ்கேனில் கர்ப்பப்பையில் 7 சென்டிமீட்டர் அளவில் ஒரு ஃபைப்ராய்டு, கூடவே சின்னதாக இரண்டு. ஒரு மருத்துவர் லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் வயிற்றைத் திறந்து செய்வதுதான் நல்லது என்கிறார். மூன்றாமவர் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தை வைத்து யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதில் கட்டியின் அளவு இருக்கிறது, அது இருக்கும் இடம் இல்லை. ஃபைப்ராய்டைப் பொறுத்தவரை அறிகுறி என்ன, எந்த வழியாக எடுப்பது, எடுத்த பிறகு கர்ப்பம் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அளவைவிட இடம்தான் அதிகம் முடிவு செய்கிறது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிடலாம். ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசைச் சுவரிலிருந்தே வளரும் கட்டி, புற்றுநோய் அல்ல. 50 வயதுக்குள் 10 பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வந்திருக்கும். அவர்களில் பெரும்பாலானோருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இருக்காது. தொந்தரவு இல்லாத கட்டியை எடுக்க வேண்டியதில்லை. 'சின்னத் துளைதானே, எடுத்துவிடலாம்' என்ற வாதம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. துளை சிறிது என்பது அறுவை சிகிச்சைக்கான காரணம் ஆகாது. உங்கள் விஷயம் வேறு. ஹீமோகுளோபின் 8.4 என்பது நிஜமான காரணம்தான்.

சரி, இடத்துக்கு வருவோம். 2011ல் ஃபிகோ என்ற சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு ஃபைப்ராய்டுகளை இருக்குமிடத்தை வைத்து 0 முதல் 8 வரை வகை பிரித்தது. கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் காம்பில் தொங்குவது 0. பாதிக்கு மேல் உள்ளறைக்குள் துருத்தி நிற்பது 1. பாதிக்கு மேல் தசைக்குள் புதைந்து, மிச்சம் உள்ளறைக்குள் எட்டிப்பார்ப்பது 2. உள்வரிச் சவ்வைத் தொட்டுக்கொண்டு முழுதாகத் தசைக்குள் இருப்பது 3, எதையும் தொடாமல் தசைக்குள்ளேயே இருப்பது 4. 5, 6, 7 ஆகியவை வெளிப்பக்கமாக வயிற்றுக்குள் வளர்பவை. 7 காம்பில் தொங்கும். கர்ப்பப்பை வாய் போன்ற வேறு இடங்களில் இருப்பது 8. உங்கள் மூன்று கட்டிகளுக்கும் தனித்தனியாக இந்த எண் தெரிய வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் தெளிவாகத் தெரியாவிட்டால், உள்ளறைக்குள் உப்பு நீர் செலுத்தி எடுக்கும் ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ தெளிவாகக் காட்டிவிடும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் நிற்கும் 7 சென்டிமீட்டர் கட்டி உங்கள் ரத்தப்போக்குக்குக் காரணமாக இல்லாமலே போகலாம். வெளிப்பக்கம் வளர்ந்த 7 சென்டிமீட்டர் கட்டி சிறுநீர்ப்பையை அழுத்தும், வயிறு கனமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் மாதவிடாயைத் தொடாது. 'சின்னதாக இரண்டு' என்று ஒரு வரியில் கடந்துபோன கட்டிகளில் ஒன்று, 2 சென்டிமீட்டர்தான் இருந்தாலும், உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் அதுவே மாதாமாதம் ரத்தத்தை இறைத்துக்கொண்டிருக்கும். அப்படியானால் உங்களுக்கு லேப்ராஸ்கோப்பியும் வேண்டாம், வயிற்றைத் திறக்கவும் வேண்டாம். பெரிய கட்டியை அப்படியே விட்டுவிட்டு, சின்னதைக் கர்ப்பப்பை வாய் வழியாக எடுத்தாலே போதுமானதாக இருக்கலாம்.

அந்த வழியின் பெயர் ஹிஸ்டெரோஸ்கோப்பி. உடம்பில் வெட்டே கிடையாது. கேமரா பொருத்திய மெல்லிய குழாய் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே போகும், உள்ளறையை விரிக்கத் திரவம் செலுத்துவார்கள், மின்கம்பி வளையத்தால் கட்டியைச் சீவிச் சீவி எடுப்பார்கள். கட்டியை வெட்டியபடியே உறிஞ்சி எடுக்கும் கருவிகளும் இப்போது உண்டு. நியூயார்க்கில் ராபர்ட் நியூவர்த் 1976ல் இந்த முறையைப் பதிவு செய்தார். அவர் பயன்படுத்தியது புராஸ்டேட் சுரப்பிக்காகச் செய்யப்பட்ட கருவி. 0, 1 வகைக் கட்டிகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம், சில நாட்களில் வேலைக்கும் போகலாம். 2ஆம் வகையில் கட்டியின் பெரும்பகுதி தசைக்குள் இருப்பதால் சில சமயம் இரண்டு தவணையாகச் செய்ய வேண்டிவரும். 3, 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் வேலை நீளும்.

வேலை நீள்வதில் என்ன ஆபத்து? உள்ளறையை விரிக்கும் திரவம் வெட்டுப்பட்ட ரத்தக் குழாய்கள் வழியே உடம்புக்குள் போய்க்கொண்டே இருக்கும். பழைய முறையில் கிளைசின் கரைசலைப் பயன்படுத்தினார்கள். அது அதிகம் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும் அபாயம் உண்டு. அதனால் உள்ளே விட்டதில் 1 லிட்டர் திரும்பி வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது வழிமுறை. மின்சாரம் நுனியிலேயே சுற்றி முடியும் இன்றைய பைபோலார் கருவிகளில் சாதாரண உப்பு நீரே போதும். ஆரோக்கியமான பெண்ணுக்கு 2.5 லிட்டர் வரை அனுமதிக்கிறார்கள். உள்ளே விட்டது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் கருவி, எந்தத் திரவம் என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

உங்கள் 7 சென்டிமீட்டர் கட்டி தசைக்குள் இருந்து, அதுதான் காரணம் என்றும் உறுதியானால் லேப்ராஸ்கோப்பியா ஓபனா என்ற கேள்வி வரும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. லேப்ராஸ்கோப்பியில் சிறிதாவது வயிற்றின் காயம் மட்டும்தான். கர்ப்பப்பையில் விழும் காயம் இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒன்றே. 7 சென்டிமீட்டர் கட்டி வெளியே வர கர்ப்பப்பைச் சுவரில் அதற்கேற்ற நீளத்துக்கு வெட்டத்தான் வேண்டும், கட்டி இருந்த பள்ளத்தை அடுக்கடுக்காகத் தைத்து மூடத்தான் வேண்டும். வயிற்றின் காயம் உங்களுக்கு மூன்று வாரத்துத் தொல்லை. கர்ப்பப்பையின் காயமோ அடுத்த பிரசவம் வரைக்கும் கூட வரும். அதனால் 'துளை வழியாக முடியுமா' என்று மட்டும் கேட்காதீர்கள். துளை வழியாகச் செய்தாலும் திறந்து செய்த அதே தரத்தில் தையல் போட இந்த மருத்துவரால் முடியுமா என்பதுதான் முக்கியம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் புரியும். முழு மயக்கம் கொடுத்த பிறகு தொப்புளருகே ஒரு துளை. அதன் வழியே கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். கேமரா உள்ளே போனதும் அடிவயிற்றில் இன்னும் இரண்டு மூன்று துளைகள், 5 முதல் 12 மில்லிமீட்டர் அகலத்தில். குடல் மேலே ஒதுங்குவதற்காக மேசையைத் தலைப் பக்கம் சாய்ப்பார்கள். அப்புறம் வாசோபிரெசின் என்ற மருந்தை நன்றாக நீர்க்கச் செய்து கட்டியைச் சுற்றியுள்ள தசையில் ஊசியால் செலுத்துவார்கள். ரத்தக் குழாய்கள் சுருங்கி அந்த இடம் கண்ணெதிரே வெளுத்துப்போகும். இந்த மருந்து தவறிப்போய் ரத்தக் குழாய்க்குள் நேரடியாகப் போனால் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். அதனால் ஊசி போடும் முன் மயக்க மருத்துவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

பிறகு வெட்டு. ஃபைப்ராய்டு வளர வளர தன்னைச் சுற்றியுள்ள தசையை நெருக்கி ஒரு போலி உறையை உண்டாக்கிக்கொள்ளும். அந்த உறைக்கும் கட்டிக்கும் நடுவிலுள்ள சரியான தளத்தில் இறங்கிவிட்டால், தோலிலிருந்து ஆரஞ்சுச் சுளை பிரிவது போல் கட்டி தனியே வந்துவிடும், ரத்தமும் அதிகம் போகாது. தளம் தவறினால் எல்லாமே சிரமம். கட்டியைத் திருகுபோன்ற கருவியால் இழுத்துப் பிடித்து, ஒட்டியிருக்கும் நார்களை மட்டும் அறுத்து வெளியே கொண்டுவருவார்கள்.

தளமே இல்லாத நிலை ஒன்றும் உண்டு. அடினோமயோசிஸ் என்ற வேறொரு நோயில், கர்ப்பப்பையின் உள்வரித் திசு தசைக்குள் ஊடுருவி ஒரு பக்கம் தடித்துக் கட்டிபோலவே நிற்கும். ஸ்கேனில் இதை ஃபைப்ராய்டு என்று எழுதிவிடுவது அபூர்வமல்ல. அதற்கு உறை கிடையாது. பிரித்தெடுக்கப் போனால் நல்ல தசையும் சேர்ந்தே போகும். மாதவிடாயின்போது ரத்தப்போக்கோடு தாங்க முடியாத வலியும் உங்களுக்கு இருந்தால், அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்து இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன்.

கட்டி வெளியே வந்ததும் தையல். சிறு துளைகள் வழியாக, நீளமான கருவிகளால், ரத்தம் கசியும் பள்ளத்தை இரண்டு அல்லது மூன்று அடுக்காகத் தைக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் கை தேறியவர் யார், தேறாதவர் யார் என்பது இங்கேதான் தெரியும். முள் வைத்த தையல் நூல் வந்த பிறகு வேலை எளிதாகியிருக்கிறது. அது முடிச்சில்லாமலே பிடித்துக்கொள்ளும், தளராது. கைத்திறன் குறைந்தவர்கள் தைப்பதற்குப் பதிலாக மின்சூட்டால் பொசுக்கி ரத்தத்தை நிறுத்தப் பார்ப்பார்கள். பொசுங்கிய தசை நன்றாகக் கூடாது. லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு கர்ப்பகாலத்தில் கர்ப்பப்பை கிழிந்ததாகப் பதிவானவற்றில், ஒரே அடுக்குத் தையலும் அளவுக்கு மீறிய மின்சூடும் திரும்பத் திரும்ப வருகின்றன. இப்படிக் கிழிவது அபூர்வம், நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நடந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. இன்னொரு குழந்தை வேண்டும் என்பவர் இந்த அபூர்வத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ரோபோ உதவியோடு செய்வது இந்தத் தையல் சிரமத்துக்கு ஒரு விடை. மணிக்கட்டுபோல மடங்கும் கருவிகள், முப்பரிமாணக் காட்சி. அமெரிக்காவில் 2005ல் பெண்ணோய் அறுவைக்கு இதற்கு அனுமதி கிடைத்தது. தையல் சுலபமாகிறது, உண்மைதான். ஆனால் கை தேர்ந்த ஒருவர் சாதாரண லேப்ராஸ்கோப்பியில் செய்ததோடு ஒப்பிட்டால் நோயாளிக்குக் கிடைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. செலவில் இருக்கிறது. ரோபோ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அடுத்து, பலர் கேட்க மறக்கும் ஒன்று: 7 சென்டிமீட்டர் கட்டி 1 சென்டிமீட்டர் துளை வழியாக எப்படி வெளியே வரும்? துண்டு துண்டாக்கித்தான். இதற்காக மார்சலேட்டர் என்ற சுழல் கத்திக் கருவி வந்தது. வயிற்றுக்குள்ளேயே கட்டியைச் சீவி இழுத்துவிடும், சில நிமிட வேலை. 2013ல் அமெரிக்காவில் மயக்கவியல் மருத்துவரான ஒரு பெண்ணுக்கே இந்த முறையில் அறுவை நடந்தது. அவருக்கு இருந்தது ஃபைப்ராய்டு மட்டுமல்ல, சார்கோமா என்ற புற்றுநோயும் இருந்தது என்று பின்னர் தெரிந்தது. துண்டாக்கியதில் அது வயிற்றுக்குள் பரவியிருந்தது. அவரும் கணவரும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஃபைப்ராய்டு என்று நம்பி அறுவைக்குப் போகும் பெண்களில் 350 பேரில் ஒருவருக்கு மறைந்த சார்கோமா இருக்கலாம் என்று அன்று மதிப்பிட்டார்கள். அந்த எண்ணைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. குறைவுதான் என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. வயது ஏற ஏற அபாயம் ஏறும் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் என்னவென்றால், அறுவைக்கு முன்பே சார்கோமாவை உறுதியாகக் கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. சந்தேகத்தைக் கிளப்பலாம், தீர்த்துவைக்காது. அதனால் இன்று ஏற்கத்தக்க வழி, கட்டியை ஒரு பைக்குள் போட்டு, பையின் வாயை வெளியே இழுத்து, அதற்குள்ளேயே துண்டாக்கி எடுப்பது. 2020லிருந்து அதே நிர்வாகம் சொல்வதும் இதுதான்: மார்சலேட்டரைப் பைக்குள் மட்டும் பயன்படுத்துங்கள், மாதவிடாய் நின்றவர்களுக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் பயன்படுத்தாதீர்கள். பை வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பையில்லாமல் சீவும்போது சிதறும் சாதாரண ஃபைப்ராய்டுத் துணுக்குகள்கூட சில பெண்களுக்குக் குடல் மேலும் வயிற்றுச் சவ்விலும் ஒட்டி, ஆண்டுகள் கழித்துப் புதுக் கட்டிகளாக வளர்ந்திருக்கின்றன. உங்கள் 36 வயதில் சார்கோமா அபாயம் மிகக் குறைவு. இருந்தாலும் 'பைக்குள் வைத்துத்தான் எடுப்பீர்களா' என்ற கேள்வியைக் கேட்டே ஆகுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் மருத்துவரிடம் நான் அறுவை செய்துகொள்ள மாட்டேன்.

இனி உங்கள் இரண்டாவது மருத்துவர் பக்கம். வயிற்றைத் திறப்பது பழைய பாணி என்று நினைக்க வேண்டாம். கட்டிகள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தாலோ, ஒரே கட்டி 10, 12 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, கர்ப்பப்பை வாய்ப் பக்கம் சிறுநீர்க் குழாயை ஒட்டி இருந்தாலோ திறந்து செய்வதுதான் பல நேரம் நல்ல தீர்மானம். லேப்ராஸ்கோப்பியில் இல்லாத ஒரு வசதி அதில் உண்டு: விரல். தசைக்குள் புதைந்திருக்கும் 1 சென்டிமீட்டர் கட்டியைக் கேமரா காட்டாது, விரல் காட்டிவிடும். பிகினி கோட்டில் 4, 5 சென்டிமீட்டர் மட்டும் திறந்து செய்யும் நடுவழியும் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் கட்டியைப் பிரித்துவிட்டு, அந்தச் சின்னத் திறப்பு வழியாகக் கட்டியை எடுத்து, கையாலேயே தைப்பார்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இது பிடித்த முறை. உங்களுக்கு இருப்பதுபோல ஒரு பெரிய கட்டியும் இரண்டு சின்னக் கட்டிகளும் என்றால், இடம் மட்டும் ஒத்துழைத்தால் அனுபவமுள்ளவருக்கு முழு லேப்ராஸ்கோப்பியே சாத்தியம்.

லேப்ராஸ்கோப்பியாகத் தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டிவந்தால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். ரத்தம் கட்டுக்குள் வராதபோது அந்த முடிவை உடனே எடுப்பவர்தான் நல்ல சர்ஜன். சம்மதப் படிவத்தில் அது எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். மிக அபூர்வமாக, ரத்தப்போக்கை நிறுத்த வேறு வழியே இல்லாமல் கர்ப்பப்பையை எடுக்க நேரலாம் என்ற வரியும் இருக்கும். அதையும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மூன்றாவது மருத்துவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. கர்ப்பப்பை இருக்கும்வரை புதுக் கட்டிகள் வரலாம். கட்டியை மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் ஸ்கேனில் ஏதாவது ஒன்று மறுபடியும் தெரியும். ஆனால் ஸ்கேனில் தெரிவதும் தொந்தரவு தருவதும் வேறு வேறு. மறுபடி அறுவை தேவைப்படுபவர்கள் அதில் சிறுபகுதிதான். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட, மாதவிடாய் நிற்க இன்னும் பல ஆண்டுகள் உள்ள, நிறையக் கட்டிகள் உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுப்பது நியாயமான தீர்வு. அதையும் லேப்ராஸ்கோப்பியில் செய்யலாம். ஹாரி ரீச் என்ற அமெரிக்க மருத்துவர் 1988லேயே செய்துவிட்டார். சூலகங்களை எடுக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. ஆனால் இன்னொரு குழந்தை வேண்டும் என்று நீங்கள் சொல்லியும் இந்த யோசனை முதலில் வந்திருந்தால், நீங்கள் சொன்னது காதில் விழவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

கட்டியை எடுக்காமல் சுருக்கும் வழிகளும் உண்டு. பாரிஸில் ரவினா குழுவினர், அறுவையின்போது ரத்தம் குறைவாகப் போகட்டும் என்று முன்கூட்டியே கர்ப்பப்பைத் தமனியை நுண்துகள்களால் அடைத்துப் பார்த்தார்கள். அடைத்ததிலேயே பல பெண்களுக்கு அறிகுறிகள் அடங்கி அறுவையே தேவைப்படவில்லை. 1995ல் அதை வெளியிட்டார்கள். எம்போலைசேஷன் என்று பெயர். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாகச் செய்வது, வெட்டு இல்லை. முதல் நாள் வலி மட்டும் கடுமை. ஆனால் பின்னாளில் மறு சிகிச்சை தேவைப்படுவோர் இதில் அதிகம். பிரிட்டனில் 254 பெண்களிடம் நடந்து 2020ல் வெளியான ஃபெம் ஆய்வில், இரண்டாண்டு முடிவில் வாழ்க்கைத் தரம் கட்டியை அறுத்து எடுத்தவர்களுக்குத்தான் கூடுதலாக இருந்தது. இனிக் குழந்தை வேண்டும் என்பவருக்கு இதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன். சூலகத்துக்குப் போகும் ரத்தமும் ஓரளவு பாதிக்கப்படலாம் என்பது ஒரு காரணம். எம்.ஆர்.ஐ.யின் உள்ளே வைத்து ஒலி அலையைக் குவித்துச் சுடுவது (அமெரிக்காவில் 2004ல் அனுமதி), ரேடியோ அலை ஊசியால் சுடுவது (2012) ஆகியவையும் உள்ளன. தேர்ந்தெடுத்த சிலருக்குப் பலன் தருகின்றன. கர்ப்பம் பற்றிய நீண்டகால அனுபவம் இவற்றில் இன்னும் குறைவு.

இப்போது உங்களுக்கு அவசரமான வேலை அறுவை அல்ல, ரத்தசோகையைச் சரிசெய்வது. 8.4ல் திட்டமிட்ட அறுவைக்குப் போகக் கூடாது. ரத்தம் இழக்கும் அறுவை இது. குறைந்தது 10க்கு மேல், முடிந்தால் 12க்கு அருகில் கொண்டுவந்துவிட்டுப் போனால், ரத்தம் ஏற்றும் தேவை பெருமளவு குறையும். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சிரை வழி இரும்பு ஊசி சில வாரங்களில் வேலையை முடித்துவிடும். அதுவரை ரத்தப்போக்கை அடக்க டிரானெக்சாமிக் அமிலமோ ஹார்மோன் சிகிச்சையோ தருவார்கள். லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் மாதவிடாயை நிறுத்தி, மூன்று மாதத்தில் கட்டியையும் கணிசமாகச் சுருக்கும். இதில் ஒரு நெருடல் உண்டு: சுருங்கிய கட்டியின் உறைத்தளம் குழம்பிப்போய்ப் பிரிப்பது கடினமாகலாம், குட்டிக் கட்டிகள் தற்காலிகமாக மறைந்து அறுவையில் கண்ணுக்குத் தப்பிவிடலாம். எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடும் ஊசி அல்ல அது. ஊசியை நிறுத்தினால் கட்டி பழைய அளவுக்கே திரும்பும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு முதல் இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும். ஆபரேஷன் வயிற்றில், வலி ஏன் தோளில் என்று பலர் பதறுவார்கள். உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதுதான் காரணம், தானே போய்விடும். ஓரிரு இரவு மருத்துவமனையில், இரண்டு மூன்று வாரத்தில் வழக்கமான வேலை. திறந்து செய்தால் ஆறு வாரம் வரை ஆகும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: துளை வழி அறுவைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் வலி கூடுகிறது, வயிறு உப்புகிறது, வாந்தி, காய்ச்சல், சிறுநீர் குறைவு என்றால் 'வாயுத் தொல்லைதான்' என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ பட்ட காயம் இப்படித்தான் தாமதமாகத் தெரியவரும்.

கர்ப்பத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், ஆழமான கட்டி என்றால் இன்னும் கொஞ்சம். தசையில் ஆழமாக வெட்டியிருந்தாலோ உள்ளறை திறந்திருந்தாலோ, பிரசவ வலி வருவதற்கு முன்பே சிசேரியன் என்று திட்டமிடுவது வழக்கம். வெளிப்பக்கம் காம்பில் தொங்கிய கட்டியை எடுத்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது, கட்டிகளின் வகை எண்களோடு போங்கள். எந்தக் கட்டி ரத்தப்போக்குக்குக் காரணம் என்று மருத்துவர் நினைக்கிறார், இதுபோன்ற கட்டிகளை லேப்ராஸ்கோப்பியில் அவர் வழக்கமாகச் செய்கிறாரா அல்லது எப்போதாவதா, எத்தனை அடுக்காகத் தைப்பார், எப்படி வெளியே எடுப்பார் என்று கேளுங்கள். திறந்து செய்வதில் மட்டும் பழக்கமுள்ள ஒருவர் 'என்னால் லேப்ராஸ்கோப்பியில் நன்றாகச் செய்ய முடியாது, திறந்துதான் செய்வேன்' என்று வெளிப்படையாகச் சொன்னால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடும். அவரிடம் திறந்து செய்துகொள்ளலாம், இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பியில் தேர்ந்த ஒருவரிடம் அனுப்பச் சொல்லலாம். அவரை வற்புறுத்தி லேப்ராஸ்கோப்பி செய்ய வைப்பது மட்டும் வேண்டாம்.

அறுவை முடிந்து வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை கட்டிகள், எந்தச் சுவரில், உள்ளறை திறந்ததா, எத்தனை அடுக்குத் தையல் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்து நாளில் வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். இரண்டாவது குழந்தைக்காக வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், சிசேரியனா சாதாரணப் பிரசவமா என்று அவர் தீர்மானிக்கப்போவது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.